சிஸ்கோவுக்கு மன்னிப்பு கிடைத்திருக்குமா?

'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால் கொஞ்ச நேரத்தில் யாராவது 'இன் த பேல் மூன்லைட்' அத்தியாயத்துக்கு வந்துவிடுவார்கள். 1998 ஏப்ரலில் வந்தது. டொமினியன் என்ற எதிரிப் பேரரசோடு நடக்கும் போரில், பூமியும் சேர்ந்த கிரகங்களின் கூட்டமைப்பு தோற்றுக்கொண்டிருக்கிறது, ரோமுலன்கள் என்ற இன்னோர் இனத்தார் வேடிக்கை பார்க்கிறார்கள், அவர்களையும் போருக்குள் இழுத்தால்தான் பிழைக்க வழி. கேப்டன் சிஸ்கோ, காரக் என்ற பழைய உளவாளியைச் சேர்த்துக்கொண்டு ஒரு பொய் ஆதாரம் தயாரிக்கிறார். அதற்காக ஒரு போலி ஆவணக்காரனைச் சிறையிலிருந்து வெளியே எடுக்கிறார். அவன் மதுக்கடையில் ஒருவரைக் கத்தியால் குத்திவிட, குத்துப்பட்டவருக்கு லஞ்சம் கொடுத்து வாயை அடைக்கிறார். ஆதாரம் பொய் என்று ரோமுலன் செனட்டர் கண்டுபிடித்துவிட்டதும், காரக் அவருடைய கப்பலில் வைத்த குண்டு வெடிக்கிறது. போலி ஆவணக்காரனையும் காரக்கே தீர்த்துக்கட்டுகிறான். பழி டொமினியன் மேல் விழுகிறது, ரோமுலன்கள் போரில் குதிக்கிறார்கள். இதையெல்லாம் தன் பதிவேட்டில் வாய்விட்டுச் சொல்லி முடித்த சிஸ்கோ, இதோடு என்னால் வாழ முடியும் என்று தனக்கே ஒருமுறைக்கு இருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, மொத்தப் பதிவையும் அழிக்கும்படி கணினிக்கு உத்தரவிடுகிறார்.

"செம கிரே கேரக்டர்" என்று சொல்லிவிட்டு எல்லாரும் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கலாம், ஆனால் அது குற்றமற்ற நன்மை தர வேண்டும் என்று வள்ளுவர் ஒரு நிபந்தனை வைத்தார், அதையே இங்கே வைத்துப் பார்க்கலாம், அதிலேயே சிஸ்கோ திணறுவார். ஆனால் டர்பனில் உட்கார்ந்து இதைப் பார்க்கும் எங்களுக்குக் கைவசம் இன்னொரு அளவுகோல் இருக்கிறது. சிஸ்கோ தென்னாப்பிரிக்காவின் உண்மை நல்லிணக்க ஆணையத்துக்கு மனுப் போட்டிருந்தால் மன்னிப்பு கிடைத்திருக்குமா?

விளையாட்டாகக் கேட்கவில்லை. நிறவெறி ஆட்சி முடிந்தபின் 1995-இல் ஒரு சட்டம் போட்டு, பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டன் நகரில் முதல் விசாரணை நடந்தது. மன்னிப்பு எல்லாருக்கும் மொத்தமாகக் கிடையாது, ஒவ்வொருவரும் தனித்தனியாக மனுப் போட வேண்டும். செயலுக்கு அரசியல் நோக்கம் இருந்திருக்க வேண்டும், தெரிந்த உண்மை முழுவதையும் பொதுவில் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நண்பர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் என்னவென்றால், வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவே இல்லை. மனம் திருந்தினாயா என்று யாரும் சோதிக்கவில்லை. என்ன செய்தாய், யார் சொல்லிச் செய்தாய், சொல், அவ்வளவுதான். கேப் டவுனில் ஜெஃப்ரி பென்சீன் என்ற போலீஸ்காரர், கைதிகளின் தலையில் ஈரப் பையை மாட்டி மூச்சுத் திணறடித்த முறையை 1997-இல் விசாரணை அறையிலேயே செய்து காட்டினார். செய்து காட்டச் சொன்னது அவரிடம் அதை அனுபவித்தவரே. 1999-இல் பென்சீனுக்கு மன்னிப்பு கிடைத்தது. அதே ஆண்டு, போலீஸ் காவலில் செத்த கறுப்பினப் போராளி ஸ்டீவ் பீக்கோவின் சாவில் சம்பந்தப்பட்ட போலீஸ்காரர்களுக்கு மறுக்கப்பட்டது. கைகலப்பில் தற்செயலாக நடந்தது என்று அவர்கள் சாதித்தார்கள், உண்மை சொன்னதாக ஆணையம் ஏற்கவில்லை. மொத்தம் 7,112 மனுக்களில் மன்னிப்பு கிடைத்தவை 849.

இப்போது சிஸ்கோவைப் பாருங்கள். அரசியல் நோக்கம் இருக்கிறது, சந்தேகமே இல்லை, மேலிடத்தின் ஆசியும் இருந்தது. உண்மையையும் முழுசாக, அழகாகச் சொல்கிறார், ஆனால் பூட்டிய அறைக்குள், யாரும் கேட்காத பதிவேட்டில், அதையும் பிறகு அழித்துவிடுகிறார். ஆக, மனு தள்ளுபடி. நல்ல நோக்கத்துக்காகக் கை அழுக்காவது அறச்சிக்கல், அதில் எனக்கு அவர்மேல் கோபம்கூட இல்லை. அழுக்கான கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மறுநாள் காலை அதே சீருடையில் மற்றவர்களுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுப்பதுதான் இரட்டை வேடம். அது தொடங்குவது குண்டு வெடித்தபோது அல்ல, பதிவை அழித்தபோது.

எங்கள் நாட்டில் பதிவுகளை அழித்தது கதையல்ல, நிஜம். 1993-இல் ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் தேசிய உளவுத்துறை மட்டும் சுமார் 44 டன் காகிதத்தையும் மைக்ரோஃபில்மையும் ஒழித்துக்கட்டியது, பெருமளவு இரும்பாலை உலையில் போய் எரிந்தது என்று ஆணையத்தின் அறிக்கையே சொல்கிறது. அந்த அறிக்கை 1998 அக்டோபரில் மண்டேலாவிடம் கொடுக்கப்பட்டபோது, முன்னாள் அதிபர் டி கிளெர்க் நீதிமன்றம் போனதால் அவரைப் பற்றிய பகுதியைக் கறுப்பு மை பூசி அச்சிட வேண்டியதாயிற்று. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸும் தன் முகாம்களில் நடந்த சித்திரவதைகள் பற்றி எழுதியதற்காக அறிக்கையை நிறுத்தப் பார்த்தது, முடியவில்லை. அதாவது இரு பக்கமும் கணினிக்கு உத்தரவு போட்டுப் பார்த்தார்கள்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் அறிவியல் புனைவுத் தொடர்கள் எப்போதும் இப்படி இருக்கவில்லை. முதல் 'ஸ்டார் ட்ரெக்' 1966 முதல் 1969 வரை ஓடியபோது தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சியே கிடையாது. காசு இல்லாமல் அல்ல, அரசு வேண்டாமென்றது. வீட்டுக்குள் வெளியுலகம் நுழைந்துவிடும் என்ற பயம். 1976 ஜனவரியில்தான் முறையான ஒளிபரப்பு தொடங்கியது. பிரிட்டிஷ் நடிகர் சங்கம் எதிர்ப்பாகத் தன் உறுப்பினர்களின் நிகழ்ச்சிகளை இங்கே விற்கவிடாமல் தடுத்ததால் அந்த ஊர்த் தொடர்களும் அப்போது அரிது. வெள்ளைக்காரக் கேப்டன் கர்க்கும் கறுப்பின அதிகாரி ஊராவும் முத்தமிட்ட அத்தியாயம் 1968 நவம்பரில் அமெரிக்காவில் ஒளிபரப்பானபோது, கறுப்பு வெள்ளைத் திருமணத்துக்கு இங்கே தடை, உறவுகொள்வதே சிறைக்குரிய குற்றம், 1985 வரை அப்படியே இருந்தது. 1969 ஜனவரியில் வந்த இன்னொரு அத்தியாயத்தில் ஷெரான் கிரகத்து ஆட்கள் இருவர் வருவார்கள், உடம்பில் ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெள்ளை. எந்தப் பக்கம் கறுப்பு என்பதில்தான் பகையே. கப்பலில் இருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. தலைமயிரில் பென்சிலைச் செருகி அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து இனம் தீர்மானித்த நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அது கற்பனை மாதிரியே தோன்றாது.

ஆனால் அந்தக் காலத்துக் கதைகளில் பாசாங்கு வெளியேதான் இருக்கும், அந்தந்தக் கிரகத்தில். நம் கப்பல் சுத்தம். கர்க் போய்ப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், கிளம்பிவிடுவார். கிளம்ப முடியாமல் போனபோதுதான் நிலைமை மாறியது. 'டீப் ஸ்பேஸ் நைன்' 1993-இல் தொடங்கியபோது கதை ஓரிடத்தில் நிற்கும் விண்வெளி நிலையத்தில் நடந்தது. நேற்றுவரை அந்நிய ஆக்கிரமிப்பில் இருந்த பஜோர் கிரகம் பக்கத்திலேயே இருக்கிறது, ஆக்கிரமித்த கார்டாசியர்களும் வந்து போகிறார்கள், இன்று செய்த தப்பு அடுத்த வாரமும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அதில் எழுதிய ரொனால்ட் டி. மூர் பிறகு 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வைப் புதிதாக எடுத்தபோது இதை இன்னும் இறுக்கினார். ஈராக் போர் நடந்துகொண்டிருந்த 2006-இல், நாம் யாருக்காகக் கவலைப்படுகிறோமோ அந்த மனிதர்களையே தற்கொலைக் குண்டுக்காரர்களாகவும், ஆக்கிரமிப்பாளர்களின் போலீஸாகவும் காட்டினார்.

சரி, என் வாதத்துக்கு வருகிறேன். இந்தத் தொடர்களில் அறம் உண்மையிலேயே சோதிக்கப்படுவது கேப்டன்களிடம் அல்ல, நடுவில் மாட்டிக்கொண்ட ஆட்களிடம். இதை நான் சொல்லக் காரணம் இருக்கிறது, நாங்களே நடுவில் இருந்தவர்கள். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர், பெரும்பாலோர் மெட்ராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள். கரும்புத் தோட்டத்தில் அவர்களை அடித்து வேலை வாங்கிய சர்தாரும் அநேகமாக அவர்களில் ஒருவர்தான். பின்னால் நிறவெறி ஆட்சி எங்களைக் கேட்டோ மேனரிலிருந்து பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் போட்டது, உண்மை. ஆனால் எங்கள் பள்ளிக்கூடம் வெள்ளையர் பள்ளியைவிட மோசமாகவும் கறுப்பர் பள்ளியைவிட மேலாகவும் இருந்தது, அதுவும் உண்மை. 1984-இல் வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் மூவருக்கும் தனித்தனி அவை வைத்துப் பாராளுமன்றம் அமைத்தார்கள், நாட்டின் பெரும்பான்மையான கறுப்பர்களுக்கு ஒன்றும் கிடையாது. இந்தியர் அவைக்கான தேர்தலை ஐந்தில் நான்கு பேர் புறக்கணித்தார்கள். அதைப் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். பத்தே ஆண்டில், 1994-இல், எல்லாரும் சேர்ந்து வாக்களித்த முதல் தேர்தலில், இந்தியர்களில் பெரும்பாலோர் நிறவெறியை நடத்திய அதே தேசியக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள். அதை யாரும் விருந்தில் உட்கார்ந்து பேசுவதில்லை. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

அதனால்தான் ஓடோ எனக்கு சிஸ்கோவைவிட முக்கியமானவர். நிலையத்தின் காவல் தலைவர். கார்டாசியர் காலத்திலும் அதே வேலைதான். நான் எந்தப் பக்கமும் இல்லை, நீதியின் பக்கம் மட்டும் என்று அடிக்கடி சொல்லும் ஆள், எல்லாரும் அதை நம்பினார்கள். 1996-இல் வந்த 'திங்ஸ் பாஸ்ட்' அத்தியாயத்தில் தெரியவருகிறது, குண்டுவெடிப்பு வழக்கொன்றில் சரியாக விசாரிக்காமல் விட்டதால் குற்றமற்ற பஜோர்க்காரர்கள் மூவர் கொல்லப்பட்டார்கள் என்று. வேலையை ஒழுங்காக முடிக்க வேண்டும், நிலையம் அமைதியாக இருக்க வேண்டும், அவருக்கு அப்போது அவ்வளவுதான். கொடுமைக்காரர் இல்லை. கடைசியில் நிலையத்தின் பஜோர் அதிகாரி கீரா அவரிடம் கேட்பாள், இப்படி வேறு யாரும் உண்டா என்று. இல்லை என்று அவரால் அடித்துச் சொல்ல முடியாது. இருக்காது என்று நம்புகிறேன் என்பதுபோல ஏதோ சொல்வார். ஓடோவும் தானாக முன்வந்து சொல்லவில்லை, நினைவு அவரையும் மீறி வெளியே வந்துவிட்டது, அதைக் கணக்கில் எடுத்தால் அவர் மனுவும் சந்தேகந்தான்.

கீராவும் லேசுப்பட்டவள் அல்ல. ஆக்கிரமிப்புக் காலத்தில் குண்டு வைத்தவள், பொதுமக்களும் செத்திருக்கிறார்கள், அதற்காக அவள் மன்னிப்புக் கேட்பதில்லை, மறைப்பதுமில்லை. 1986 ஜூனில் டர்பன் கடற்கரையில் மகூஸ் மதுக்கடைக்கு வெளியே வெடித்த கார் குண்டில் மூன்று பெண்கள் செத்தார்கள். வைத்தவர் விடுதலைப் படையைச் சேர்ந்தவர், தூக்குத் தண்டனை பெற்றுப் பிழைத்து, 2001-இல் மன்னிப்பும் பெற்றார். ஒரே ஊரில் ஒரே ஆளைத் தியாகி என்பவர்களும் கொலைகாரன் என்பவர்களும் இன்றும் இருக்கிறார்கள், இரு தரப்பும் ஆதாரத்தோடுதான் பேசுவார்கள். கீராவை அறிமுகப்படுத்தியபோது அந்தத் தொடரும் இதைத் தீர்த்துவைக்கவில்லை, அது அதன் பலம். அவளுடைய பாசாங்கு வேறிடத்தில் வெளிப்படும். போரில் நிலையம் டொமினியன் கைக்குப் போனபின், ஒப்பந்தம் இருக்கிறதே, ஒழுங்கு முக்கியமே என்று காபி குடித்துவிட்டு அவர்களோடு நல்லபடியாக வேலைக்குப் போய்வருவாள். ஒரு வயதான பெண் துறவி எல்லார் கண்முன்னும் தூக்கில் தொங்கும்வரை தானும் ஒத்துழைப்பவளாகிவிட்டது கீராவுக்கு உறைக்கவில்லை.

'கலாக்டிகா'வில் வரும் படை அதிகாரி கேய்ட்டாவின் கதை இன்னும் சிக்கலானது. அதிபர் ராஸ்லின் தேர்தலில் தோற்கப் போகிறார் என்றதும் அவருடைய ஆட்கள் வாக்குப் பெட்டியில் கைவைக்கிறார்கள், ராஸ்லினுக்குத் தெரிந்தேதான். ஜனநாயகம், சட்டம் என்று நொடிக்கொருதரம் பேசியவர். மோசடியைக் கண்டுபிடித்துச் சொல்பவன் கேய்ட்டா. நேர்மை ஜெயிக்கிறது, எதிர்த்து நின்ற பால்ட்டர் அதிபராகிறான், அவன் தேர்ந்த கிரகத்தில் குடியேறுகிறார்கள், எதிரிகளான சைலான் இயந்திர இனத்தார் வந்து பிடித்துக்கொள்கிறார்கள். மோசடி பலித்திருந்தால் ஆக்கிரமிப்பே வந்திருக்காது! ஆக்கிரமிப்புக் காலத்தில் கேய்ட்டா பால்ட்டரின் அலுவலகத்திலேயே வேலை பார்த்துக்கொண்டு எதிர்ப்புப் படைக்கு ரகசியமாகத் தகவல் கடத்துகிறான், நாய்க்கு வைக்கும் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பதுதான் அடையாளம். தப்பித்து வந்தபின் ஒரு ரகசியக் குழு ஒத்துழைத்தவர்களை ஒவ்வொருவராக விண்வெளியில் தள்ளிக் கொல்கிறது. கேய்ட்டாவும் கதவு திறக்கும் கணம்வரை போய், அந்தக் கிண்ணத்தைப் பற்றிச் சொன்னதால் தப்புகிறான். பிறகு ராஸ்லின் எல்லாருக்கும் பொது மன்னிப்பு அறிவிக்கிறார். இதில் எனக்கு உடன்பாடில்லை. பொது மன்னிப்பில் யாரும் தனியாக நின்று எதையும் சொல்ல வேண்டியதில்லை, ராஸ்லின் உட்பட. இதே கேய்ட்டா அப்புறம் பால்ட்டரின் வழக்கில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சாட்சி சொல்கிறான், கடைசியில் கலகம் செய்து துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறான். ஒவ்வொரு அடியிலும் ஒரு காரணம் இருக்கிறது, அதுதான் பிரச்சினை.

'தி எக்ஸ்பான்ஸ்' தொடரின் மில்லரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சிறுகோள் பட்டையில் வாழும் 'பட்டை மனிதர்'களில் பிறந்து, பூமிக் கம்பெனியின் போலீஸாக வேலை செய்பவன். காற்று வடிகட்டியை மாற்றாத ஆளிடம் லஞ்சம் வாங்குகிறான், பிறகு குழந்தைகள் இருமுவதைப் பார்த்து அதே ஆளைக் காற்றில்லாத அறைக்குள் அடைத்து மிரட்டுகிறான். தோட்டத்துச் சர்தாரின் கதையை யாராவது எழுதினால் இவனிடமிருந்து தொடங்கலாம். அதே தொடரில் அவசரலா, சேலை கட்டிய இந்திய வம்சாவளி அதிகாரி, பேரனைக் கொஞ்சிவிட்டு நேரே போய் ஒரு பட்டைக்காரனைக் கொக்கியில் மாட்டி, பூமியின் ஈர்ப்புவிசையாலேயே சித்திரவதை செய்விப்பாள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும், சேலைக்காக, வாய்க்காக. முதல் அத்தியாயத்தில் அவள் செய்ததை ஞாபகப்படுத்தினால் பேச்சை மாற்றிவிடுவார்கள். தொடரும் அதையேதான் செய்கிறது என்பது என் குறை. அவளைப் போகப்போக எல்லாருக்கும் பிடித்த ஆளாக்கிவிட்டார்கள், அந்தக் கொக்கிக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

'டாக்டர் ஹூ' தொடரில் காலத்தில் பயணம் செய்யும் டாக்டருக்கும் இதே சலுகை. 1975-இல் கொலைகார டாலெக் இனத்தைக் கருவிலேயே அழிக்க எனக்கு உரிமை உண்டா என்று இரண்டு கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்குவார், அருமையான காட்சி. 2005-இல், ஓடிப்போகும் எதிரிக் கப்பலைச் சுட்ட பிரதமரின் ஆட்சியை ஆறே சொற்களில் கவிழ்ப்பார். அதே டாக்டர் அடுத்த கிறிஸ்துமஸில் ஒரு சிலந்தி இனத்தின் குஞ்சுகளையெல்லாம் தண்ணீரில் மூழ்கடிப்பார். ஊருக்குத்தான் உபதேசம். கூட வருபவர்கள் அவ்வப்போது போதும் நிறுத்து என்பார்கள், அந்தக் குஞ்சுகளுக்காக அவரைக் கூண்டில் ஏற்ற ஆளில்லை.

ஆனால் அந்தத் தொடரில்தான் 'ரோசா' இருக்கிறது. 2018 அக்டோபரில் வந்தது. கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் 1955-இல் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்த கதை, அமெரிக்காவின் மான்ட்கோமரி. படமெடுத்த இடம் கேப் டவுன். இருக்கையில் இனம் எழுதிவைத்த பேருந்தை எடுக்க எங்கள் நாட்டுக்கு வந்தார்கள், நல்ல பொருத்தம். கதையில் வரலாறு கெடாமல் இருக்க வேண்டுமானால் பேருந்து நிறைந்திருக்க வேண்டும், அதற்கு டாக்டரும் கூட வந்த கிரேயமும் இறங்காமல் உட்கார்ந்தே இருக்க வேண்டும். கிரேயம் வெள்ளைக்காரர், நல்லவர், கறுப்பினப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அவளைப் பறிகொடுத்தவர். அவரும் உட்கார்ந்து இடத்தை நிரப்பியதால்தான் ரோசாவை எழுப்புகிறார்கள். எனக்கு இதில் பங்கு வேண்டாம் என்கிறார், ஆனாலும் உட்கார்ந்திருக்கிறார். யாரையும் அடிக்கவில்லை, ஏசவில்லை, இருந்த இடத்தில் இருந்தார். அதே பேருந்தில் யாஸ் என்ற பாகிஸ்தானியப் பூர்விகப் பெண், கறுப்பர் பகுதியா வெள்ளையர் பகுதியா, தனக்கு எது என்று புரியாமல் நிற்கிறாள், கடைசியில் முன்னால் உட்கார முடிகிறது. எங்கள் மொத்த வரலாறும் அந்த ஒரு தயக்கத்தில் இருக்கிறது. 2021 ஜூலைக் கலவரத்தில், டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பர்கள். எங்கள் தெருக்களில் அதை இன்னும் தற்காப்பு என்று மட்டுமே சொல்கிறவர்கள் உண்டு. பயம் நிஜம், போலீஸ் வராததும் நிஜம். அந்தச் சாவுகளும் நிஜம்.

பென்சீன் மாதிரி ஆட்களைக் கேட்டபின் 'டூயட்' அத்தியாயத்தை நம்புவது கொஞ்சம் கடினம், அதையும் சொல்லிவிடுகிறேன். 1993-இல் வந்தது, பல பேருக்கு அதுதான் தொடரின் உச்சம். மரிட்சா என்ற கார்டாசியன், சித்திரவதை முகாமின் கொடூரத் தளபதி நான்தான் என்று பெருமையடிக்கிறான். விசாரித்தால் அவன் அங்கே வெறும் கோப்பு குமாஸ்தா, இரவில் அலறல் கேட்காமலிருக்கக் காதைப் பொத்திக்கொண்டு படுத்தவன். தன் இனம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தளபதியின் பழியைத் தானே சுமந்து தூக்கில் தொங்க வந்திருக்கிறான். அழுதுவிடுவீர்கள். எங்களுக்குக் கிடைத்த குமாஸ்தா வேறு மாதிரி. நிறவெறியை எதிர்த்துப் போராடிக் கைதான ஆசிரியர் அகமது டிமோல் 1971 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க் ஜான் வோர்ஸ்டர் சதுக்கக் காவல் நிலையத்தின் பத்தாவது மாடியிலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொண்டார் என்று போலீஸ் சொன்னது, 1972-இல் நீதிமன்றமும் அதையே எழுதியது. குடும்பம் விடவில்லை. 2017-இல் மறுவிசாரணை நடந்து, அது கொலை என்று தீர்ப்பு வந்தது. அந்த அறையில் கடைசியாக அவரோடு இருந்ததாகச் சொன்ன ஜோவாவ் ரோட்ரிகஸ், பாதுகாப்புப் போலீஸில் அலுவலக எழுத்தர். 2018-இல் அவர்மேல் கொலை வழக்குப் போட்டார்கள். ஆணையத்தில் மன்னிப்புக் கேட்டு அவர் வந்ததில்லை. எனக்கு வயதாகிவிட்டது, வழக்கை நிரந்தரமாக நிறுத்துங்கள் என்று மேல்முறையீடு வரை போனார், தோற்றார். டிமோல் குதித்தார் என்ற பழைய கதையையே சொல்லிக்கொண்டு, விசாரணை தொடங்கும் முன் 2021-இல் இறந்துபோனார்.